பெட்டியும் செய்முறைத் தாளும்

ஓர்ஸ் ஹில்லில் நின்று பார்த்தால் திருகோணமலையின் உட்துறைமுகம் கண்முன்னே விரிந்து கிடக்கும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று புவியியல் பாடத்தில் நாம் மனனம் செய்த துறைமுகம் இதுதான். ஆனால் கொழும்புத் துறைமுகத்தைத் தொலைக்காட்சியில் காட்டும்போது தெரிகின்ற, நிறம் நிறமாக அடுக்கிய இரும்புப் பெட்டிகளை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். சீனன்குடாப் பக்கம் மாவு ஆலைக்குக் கோதுமை வருகிறது, சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் வருகிறது, எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள் வருகிறது. இவை மொத்தமாக வந்து மொத்தமாக இறங்கும் சரக்குகள். பெட்டிகளோ கொழும்புக்கே போய்விடுகின்றன.

அந்தப் பெட்டிக்குத்தான் கொள்கலன் என்று பெயர். அதற்கு முன்னர் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி உரிமையாளர், ஒரே அமைப்பிலான 58 பெட்டிகளை ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் இருப்பது தேயிலையா, தொலைக்காட்சிப் பெட்டியா என்பது பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. வெளிப்புறம் ஒரே அளவாக இருந்தால் போதும். கடல் வணிகத்தையே மாற்றிய யோசனை இவ்வளவுதான்.

கணினித் துறையினர் இதே யோசனையையும் இதே பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 2013இல் வெளிவந்து புகழ்பெற்ற டொக்கர் என்ற மென்பொருளின் பெயருக்கே துறைமுகத் தொழிலாளி என்றுதான் பொருள். கொள்கலன்களுக்குள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை யார், எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விடயம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் மாணவிகளுக்கு இது கொஞ்சம் பழக்கமாக இருக்கலாம். இரவில் மகள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து “இது என்ன விளையாட்டு?” என்று கேட்கும் பெற்றோருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

முதலில் கொள்கலன். ஒரு கணினியில் பல வேலைகளை ஒன்றோடொன்று மோதாமல் நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வழி, மெய்நிகர் இயந்திரம். ஒரே வளவுக்குள் நான்கு வீடுகளைக் கட்டி, வீட்டுக்கு ஒரு கிணறும் தோண்டுவது போன்றது அது. பாதுகாப்பு அதிகம், செலவும் அதிகம். ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் முழுமையான ஒரு பணிசெயல் முறைமை வேண்டும். கொள்கலனோ ஒரே வீட்டின் அறை. கிணறு ஒன்றுதான், கதவுகள் மட்டும் தனித்தனி. அந்தப் பொதுக்கிணறு லினக்ஸின் கேர்னல், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உட்கரு.

அறைச் சுவர்களாக லினக்ஸில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று பெயர்வெளி. இது ஒரு கொள்கலனுக்குள் இருப்பவர் எதைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. உள்ளே ஓடும் நிரல், தான் மட்டுமே இந்தக் கணினியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. மற்றையது கட்டுப்பாட்டுக் குழு. இது எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் எடுக்கலாம் என்பதற்கு எல்லை வைக்கிறது. இதைக் கூகுள் நிறுவனத்துப் பொறியியலாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். 2008இல் லினக்ஸுக்குள் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இவ்விரண்டையும் பயன்படுத்தும் எல்எக்ஸ்சி என்ற கருவி வந்தது. டொக்கர் வந்தது அதற்கு ஐந்து வருடம் பிந்தி. புதுமை என்று பலர் நினைப்பது பெரும்பாலும் பழையதை இலகுவாக்கியதுதான்.

அறை கட்டியாயிற்று. உள்ளே கட்டில் போடுவது யார்?

இதற்கு நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஓர் உண்மைக் கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாங்கள் பிறந்திருக்கவில்லை. ஆனால் கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. கிண்ணியா வைத்தியசாலை அழிந்துபோனதை உம்மாமார் இன்றைக்கும் சொல்வார்கள். அலை வற்றிய மறுநாளே தொடங்கிய துன்பம் வேறொன்று. எந்த முகாமில் யார் இருக்கிறார்கள்? காணாமற்போன பிள்ளை வேறொரு முகாமில் உயிரோடு இருக்கிறதா? எந்த அமைப்பு எங்கே அரிசி கொண்டுபோகிறது? ஒரு முகாமுக்கு மூன்று லொறி உணவு போக, இன்னொரு முகாம் வெறும் வயிற்றோடு இருப்பதைத் தடுப்பது எப்படி? இதற்கெல்லாம் தகவல் வேண்டும். தாளில் எழுதிய பட்டியல்களை ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒன்றுகூடி இதற்கான மென்பொருளை எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘சஹானா’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கியிருந்த லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அம்முயற்சிக்குப் பின்னால் நின்றது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு என்று அது வளர்ந்தது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பீஎச்பி ஆகிய நான்கின் மேல்தான் அது நின்றது. கடைசி இரண்டும் நமது உயர்தரப் பாடத்திட்டத்திலேயே உள்ளவை. அது திறந்த மூல மென்பொருளாக இருந்ததால் 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சி, 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010இல் ஹெய்ட்டி பூமியதிர்ச்சி என்று தேசம் தேசமாகப் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது.

சஹானாவின் நிரல் இலவசம், யாரும் எடுக்கலாம். ஆனால் நிரலை வைத்துக்கொண்டு மட்டும் முகாமில் ஒரு பெயரைக்கூடப் பதிய முடியாது. அதற்கு ஒரு சேர்வர் வேண்டும். அதில் லினக்ஸ் நிறுவ வேண்டும், தரவுத்தளம் அமைக்க வேண்டும், கடவுச்சொல் வைக்க வேண்டும், எழுத்துருவும் மொழியும் சரிசெய்ய வேண்டும், தீச்சுவரில் சரியான வாயில்களை மட்டும் திறந்துவிட வேண்டும். எந்த மென்பொருளுக்கும் இப்படிப் பத்து, இருபது படிகள். அனுபவமுள்ள ஒருவர் இதைக் கையால் செய்யும்போது, பாதிப் படிகள் அவருடைய தலைக்குள்ளேதான் இருக்கும். நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுபவரிடம் அளவு கேட்டால் “கைப்பக்குவம்தான்” என்று சொல்வார் அல்லவா? அதே நிலைதான். கஞ்சியில் கைப்பக்குவம் அழகு. சேர்வரில் அது ஆபத்து. அனர்த்தம் நடந்த இரவில் அந்த ஒருவரும் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது?

பாடசாலைக் கணினிக்கூடங்களிலும் இதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்த ரீச்சருக்கு இடமாற்றம் வரும். அடுத்த தவணையில் நான்கு கணினிகளில் தமிழ் தட்டச்சு வேலைசெய்யாது, இரண்டில் பைதன் பழைய பதிப்பாக இருக்கும். ஏன் என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தக் கைப்பக்குவத்தைத் தாளில் எழுதி, அந்தத் தாளைக் கணினியே வாசித்துச் செய்யும்படி வைப்பதுதான் கொன்ஃபிகரேஷன் மனேஜ்மன்ட் எனப்படும் முறை. 1993இல் நோர்வேயின் ஒஸ்லோவில் மார்க் பேர்ஜஸ் என்ற ஆய்வாளர் உருவாக்கிய சிஎஃப்எஞ்சின் இதற்கு வழிகாட்டி. பிறகு 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் அன்சிபிள். செஃப்பில் எழுதும் தாள்களுக்குச் சமையற்குறிப்பு என்றே பெயர். அன்சிபிள் என்ற பெயரோ, எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1966இல் வெளிவந்த தமது நாவலில் கற்பனை செய்த ஒரு கருவியின் பெயர். எவ்வளவு தூரத்துக்கும் நொடியில் செய்தி அனுப்பும் கருவி அது.

இந்தக் கருவிகளில் உள்ள உண்மையான கெட்டித்தனம் ஒரே ஒரு விடயம்தான். அவற்றுக்கு நாம் செயலைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கிறோம்.

ஓர் உதாரணம். ஒரு கோப்பின் இறுதியில் குறித்த வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். சாதாரணக் கட்டளையில் “இந்த வரியைச் சேர்” என்று எழுதுவோம். இரண்டு தரம் ஓடினால் இரண்டு வரி, பத்துத் தரம் ஓடினால் பத்து வரி. இடையில் மின்சாரம் நின்று மறுபடி ஓட்டினால் எத்தனை வரி என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அன்சிபிளில் “இந்த வரி இருக்க வேண்டும்” என்று எழுதுவோம். அது முதலில் பார்க்கும். இருந்தால் கைவைக்காது, இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும். நூறு தரம் ஓட்டினாலும் ஒரே வரிதான்.

நமக்கு இது புதிய சிந்தனை அல்ல. லுஹருக்கு எடுத்த வுழூ முறியாமல் இருந்தால் அசரையும் அதோடு தொழலாம். தொழுகைக்கு வேண்டியது வுழூ உள்ள நிலை. அது முறிந்திருந்தால் எடுக்கிறோம். இணைந்த கணிதம் படிப்பவர்கள் மட்டை நினைத்துக்கொள்ளலாம்: ஓர் எண்ணின் மட்டுக்கு மறுபடி மட்டு எடுத்தாலும் விடை மாறாது. இந்தப் பண்புக்கு ஆங்கிலத்தில் ஐடெம்பொட்டன்ஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. பெயரை மறந்தாலும் பரவாயில்லை.

அன்சிபிள் வேலைசெய்யும் விதத்தைக் கொஞ்சம் உள்ளே சென்று பார்ப்போம். கட்டளையிடும் கணினி ஒன்று. அது ஒரு மடிகணினியாகவும் இருக்கலாம். அதில் இரண்டு கோப்புகள். ஒன்று பட்டியல், எந்த எந்தக் கணினிகள், அவற்றின் முகவரி என்ன என்பது அதில் இருக்கும். மற்றையது பிளேபுக், இருக்க வேண்டிய நிலைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ‘முகாம்’ என்ற பெயரில் ஒரு கொள்கலன் இருக்க வேண்டும், அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் தரவுத்தள மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இணைய சேவை தொடங்கியிருக்க வேண்டும். இவ்வளவும் ஏறத்தாழ நாம் பேசுகிற மாதிரியே எழுதப்படும். பிறகு ஒரே கட்டளை. அது பாதுகாப்பான தொலைத்தொடர்பு வழியாக ஒவ்வொரு கணினிக்கும் சென்று, நிலையைச் சோதித்து, குறையைத் தீர்த்துவிட்டுத் திரும்பும். போய்ச்சேரும் கணினியில் அன்சிபிளை நிறுவியிருக்கத் தேவையில்லை, பைதன் இருந்தால் பெரும்பாலும் போதும். இங்கேதான் தொடக்கத்தில் பலர் தடக்கி விழுவார்கள். மிகச்சிறிய கொள்கலன்களில் பைதன்கூட இருக்காது. அதைப் போடுவதையே முதல் வேலையாக எழுத வேண்டும்.

பப்பெட் வேறு மாதிரி. அது ஒவ்வொரு சேர்வரிலும் ஒரு காவலாளியை இருத்திவிடும். அக்காவலாளி வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை தலைமை இடத்தைக் கேட்டு, எழுதிய நிலைக்கும் உண்மை நிலைக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்க்கும். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் சுற்றிவருவதைப் போல. யாராவது இரவோடிரவாக ஒரு கோப்பை மாற்றினாலும், அது தாளில் எழுதிய நிலைக்கு உட்பட்ட கோப்பானால், அடுத்த சுற்றில் பழையபடி திருத்தப்பட்டுவிடும்.

சஹானாவுக்குத் திரும்புவோம். பின்னாளில் பைதனில் புதிதாக எழுதப்பட்ட அதன் வடிவத்துக்கு ‘சஹானா ஈடன்’ என்று பெயர். அதைச் சேர்வரில் நிறுவுவதற்கு அன்சிபிள் பிளேபுக்குகள் பயன்படுத்தப்படுகின்றன. 2004இல் தொண்டர்களின் தலைக்குள் இருந்த அறிவு தாளுக்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருள். கொழும்பில் உள்ளவருக்குத் தெரிந்தது மூதூரில் உள்ளவருக்கும் ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. இன்னோர் இலங்கை உதாரணமும் உண்டு. சஞ்சீவ வீரவரண 2005இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தனது ஸ்ட்ராட்டோஸ் என்ற மென்பொருளை 2013இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. தேவை கூடும்போது தானாகவே புதிய சேர்வர்களை எழுப்பி, பப்பெட்டைக் கொண்டு அவற்றை ஒழுங்குசெய்வது அதன் வேலையாக இருந்தது. பிந்திய பதிப்புகளில் டொக்கர் கொள்கலன்களும் சேர்ந்துகொண்டன. பெறுபேறு வெளியாகும் நாளில் திரை சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்து மனம் பதறிய எல்லோருக்கும், தேவைக்கு ஏற்ப எழும்பும் சேர்வரின் அருமை விளங்கும்.

இத்துறையில் ஒரு வாதமும் உண்டு. கொள்கலனை எழுப்பிவிட்டு அதன் உள்ளே போய் ஒழுங்குசெய்வதா, அல்லது உள்ளே இருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து ஒரு படிமமாக வார்த்துவிட்டு, மாற்றம் தேவைப்பட்டால் பழையதை எறிந்து புதிதாக வார்ப்பதா? டொக்கர் ஆட்கள் இரண்டாவதையே சொல்வார்கள். அவர்களுடைய தாளுக்கு டொக்கர்ஃபைல் என்று பெயர். எனக்குப்படுவது இதுதான்: ஒரே ஒரு வேலை செய்யும் சிறு கொள்கலனுக்கு வார்ப்பதே சிறந்தது. ஒரு முழுக் கணினியைப் போலப் பல வேலை செய்யும் எல்எக்ஸ்சி வகைக் கொள்கலனுக்கும், எல்லாக் கொள்கலன்களையும் தாங்கி நிற்கும் அடிக்கணினிக்கும் அன்சிபிள் போன்றது தேவை. அந்த அடிக்கணினியை யாரும் வார்த்துத் தரமாட்டார்கள்.

செய்முறைத் தாள் காப்பாற்றாத ஒன்றும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருளைக் கொண்டு தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை, ஏனென்றால் அக்காலத்துக்கு ஒப்பான காப்புப்பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை அந்த நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரல் 11இல் நிறுத்தியிருந்தது. இந்த நிகழ்வில் இரண்டு வெவ்வேறு இழப்புகள் கலந்திருக்கின்றன. பழைய பதிப்பு என்பது நிலை பற்றியது. எந்தச் சேர்வரில் எந்தப் பதிப்பு என்று எழுதிவைத்து நடத்தும் இடத்தில், பழையது எங்கே இருக்கிறது என்பது குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மின்னஞ்சல் என்பது தரவு. தாளைப் பார்த்து சேர்வரை அரை மணித்தியாலத்தில் மறுபடி எழுப்பலாம். அதற்குள் இருந்த கடிதம் எந்தத் தாளிலும் இல்லை. முகாம் பதிவில் எழுதிய பிள்ளையின் பெயரும் அப்படித்தான். ஆகவே கொள்கலனை எறியலாம், தரவை எறிய முடியாது. தரவைக் கொள்கலனுக்கு வெளியே தனி இடத்தில் வைத்து, அதன் பிரதியை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். அந்தப் பிரதியை அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும். கடவுச்சொற்களையும் தாளில் வெளிப்படையாக எழுதக்கூடாது. அவற்றைப் பூட்டிவைக்க அன்சிபிளிலேயே வோல்ட் என்ற பெட்டகம் உண்டு.

செலவு பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயம். லினக்ஸ், எல்எக்ஸ்சி, டொக்கரின் திறந்த மூல வடிவம், அன்சிபிள் எல்லாம் இலவசம். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு பழைய கணினியில் மெய்நிகர் இயந்திரங்கள் மூன்று நான்குக்கு மேல் ஓடினால் மூச்சுவாங்கும். கொள்கலன் என்றால் ஒரு வகுப்புக்கே ஆளுக்கொன்று கொடுக்கலாம். ஒரு மாணவி தன் கொள்கலனைக் கெடுத்துவிட்டால் பக்கத்து மாணவிக்குப் பாதிப்பில்லை. அழித்துவிட்டுச் சில நிமிடத்தில் புதிதாக எழுப்பிக் கொடுக்கலாம். தரவிறக்கத்துக்கு டேட்டா முடிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். அல்பைன் லினக்ஸ் என்ற கொள்கலன் படிமம் 10 மெகாபைட்டுக்கும் குறைவு, வட்ஸ்அப்பில் வரும் ஒரு கலியாண வீடியோவை விடச் சிறியது.

தொடங்க நினைப்பவர்கள் ஒரு கொள்கலனும் ஐந்து வரிப் பிளேபுக்கும் வைத்துத் தொடங்கலாம். முதல் தடவை ஓட்டும்போது திரையில் பெரும்பாலான வரிகள் மஞ்சளாக வரும். மாற்றம் செய்தேன் என்று அன்சிபிள் சொல்கிறது. எதையும் தொடாமல் உடனே இரண்டாவது தடவை ஓட்டுங்கள். இப்போது எல்லாம் பச்சையாக வர வேண்டும், எல்லாம் இருக்க வேண்டியபடியே இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. ஏதாவது ஒரு வரி மறுபடியும் மஞ்சளாக வந்தால் அந்த வரியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே நிலைக்குப் பதிலாகச் செயல் எழுதப்பட்டிருக்கும்.